ஆற்றுவஞ்சிக்கு இரண்டு பேர்

எக்செல் ஷீட்டில் தேக்கு என்று மட்டும் அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், மற்ற ஆறு காட்டேஜ்களும் தாமாக வந்து வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். ஈட்டி, மருது, வேங்கை, புன்னை, அயினி, இலஞ்சி. இன்னும் இழுத்தால் மறுபடி தேக்கிலிருந்து ஆரம்பிக்கும். ஞாயிறு என்று அடித்தால் திங்கள் வருவதுபோல, நமக்கு வேண்டிய வரிசையையும் ஒரு தடவை கணினிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அது பிறகு மறக்காது. கஸ்டம் லிஸ்ட் என்று அதற்குப் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்மஜா இதைச் செய்துகாட்டியபோது ரிசார்ட் மேனேஜர் தாணுமாலையன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார். ஏதோ தானே கண்டுபிடித்த வித்தை மாதிரி அவளும் ஒரு வாரம் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தாள்.

அன்று காலை இலஞ்சிக்குக் கீழே தேக்கு வரவில்லை. ஆற்றுவஞ்சி என்று வந்தது.

அப்படி ஒரு காட்டேஜ் அங்கே கிடையாது. அவள் சொல்லிக்கொடுத்த வரிசையிலும் அந்தப் பெயர் கிடையாது. பத்மஜா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் இடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பருவமழை ஆரம்பித்தால் சுவர் வியர்க்கும், தீப்பெட்டி நமத்துப்போகும், பிஸ்கட் துணி மாதிரி வளையும்; கணினிக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாதென்று சட்டமா என்ன. அந்த வரியை அழித்துவிட்டு, ஏழு வரிகளோடு ஷீட்டை அச்சடித்து வெளியே ஆணியில் மாட்டினாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அழித்து அழித்து அது பல் துலக்குவது மாதிரி ஒரு காலை வேலையாகிவிட்டது. கணினியில் கஸ்டம் லிஸ்ட்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

அந்த ஷீட்டில் மூன்று பத்திகள். முதலில் காட்டேஜ், இரண்டாவதில் அதைச் சுத்தம் பண்ணுகிறவள், மூன்றாவதில் கூடப் போகிறவள். கட்டில்கள் எல்லாம் பெரியவை. விரிப்பைத் தட்டி விரிக்கவும், பிறகு மடிக்கவும், இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி நிற்க வேண்டும். வேலைக்கு மூன்று பெண்கள். மாடம்மாள் மூத்தவள், வாயும் அதற்கேற்ற மாதிரி. பகவதியம்மாள் மகள் பிரசவத்துக்காகப் பாதி நாள் லீவில் இருப்பாள். மூன்றாவது ஜெபமலர், வள்ளியூர்ப் பக்கத்துப் பெண், எதைச் சொன்னாலும் "சரி மேடம்" என்று சிரிக்கிறவள்.

ஜெபமலரை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே பத்மஜாதான். கரமனையில் பத்மஜாவின் தெருவில் நாலு வீட்டில் வேலை பார்த்தாள் ஜெபமலரின் அம்மா. "தண்ணியக் கண்டா பயப்படுத புள்ளம்மா, ஆத்துப்பக்கம் விடாதீங்க" என்று அவள் தயங்கியபோது, "நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்கோ" என்று பத்மஜா கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். வாரநாட்களில் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த அறையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படுத்தார்கள். ஜெபமலர் தூங்கும்வரை மெல்லிய குரலில் ஜெபப் பாட்டு ஏதாவது முனகுவாள். அது இல்லாவிட்டால் பத்மஜாவுக்கும் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை. கரமனையிலிருந்து முதல் பஸ் பிடித்து, நெடுமங்காட்டில் மாறி, வித்துராவில் மறுபடி மாறி, கல்லாற்றில் இறங்கும்போதே நேரமாகிவிட்டது. மாடம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றாள். பத்மஜா ஈரத் தலையோடு உட்கார்ந்து, அடித்து, இழுத்து, அச்சடித்து, தாளை நீட்டினாள். பார்க்கவில்லை.

மத்தியானம் துணி அறையில் மாடம்மாள் அழுக்கு விரிப்புகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒன்று என்று எண்ணமாட்டாள். லாபம் என்றுதான் ஆரம்பிப்பாள்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு..." கடைசியில் நின்றாள். மறுபடி எண்ணினாள். "ஒரு சோடி கூட வருது."

"சரியா எண்ணுங்கோ."

"என் எண்ணத்துல என்ன குத்தம்? நீங்களே பாருங்க."

அந்தக் கடைசி ஜோடி தனியாக இருந்தது. மற்றவை கசங்கிச் சுருண்டு கிடக்க, அது மட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அழுக்குக்குப் போகிற துணியை யாரும் மடிப்பதில்லை. பத்மஜா தொட்டுப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழையில் நனைந்த ஈரமில்லை அது. விரலை வைத்து அழுத்தியபோது மடிப்புக்குள்ளிருந்து வெள்ளை மணல் வழிந்தது, கூடவே பாசியின் பச்சை வாடையும்.

மாடம்மாள் அதன் விளிம்பில் விரலை ஓட்டினாள். நாலு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் பொருந்தியிருந்தன.

"இத மடிச்சது யாரு?"

"நாந்தான்" என்றாள் கதவருகே நின்ற ஜெபமலர். "ஆத்துவஞ்சி ரூம் துணி."

"ஒத்தைக்கா?"

மாடம்மாள் அவளையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "முப்பது வருசமா இந்த வேலதான் பாக்கேன். ஒருத்தி மடிச்சா இப்படி வராது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அந்த ஜோடியை மட்டும் தொடாமல் மற்றவற்றை அள்ளிக்கொண்டு போனாள்.

பத்மஜா வெளியே ஓடிப்போய் ஆணியிலிருந்த தாளைப் பிய்த்தாள். எட்டு வரிகள். எட்டாவதில் ஆற்றுவஞ்சி, பக்கத்தில் ஜெபமலர். கூடப் போகிறவள் பெயர் வர வேண்டிய கட்டம் மட்டும் காலி.

"எங்கே போனே நீ?" என்று ஜெபமலரைக் கேட்டாள். குரல் தன்னையறியாமல் உயர்ந்துவிட்டது. "அப்படி ஒரு ரூமே இல்லியேடி!"

"பேப்பர்ல போட்டிருந்தீயல்லா மேடம்?" ஜெபமலர் பயந்துபோனாள். "கேட்டா வேல தெரியாதவன்னு நெனப்பாவளோன்னுதான் கேக்கல. இலஞ்சி தாண்டி படி இறங்குதுல்லா, அங்க. ஒரு அக்கா இருந்தாவ. அவியதான் மறுபக்கம் பிடிச்சுத் தந்தாவ."

"எந்த அக்கா?"

"பேரு கேக்கல. நம்ம ஆளுதான், ஐடி கார்டு போட்டிருந்தாவ."

கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை தொங்கும்; பிடியில் சிவப்புக் கயிறு சுற்றிய குடை. பத்மஜா அதை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காட்டேஜ்கள் சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, தேக்கு மேலே, இலஞ்சி கடைசியில். ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் ஆற்றின் சத்தம் ஒரு சுற்றுப் பெருத்தது; மழைத்துளி இலையில் விழும் சத்தம், ஓடை சிமென்ட் வாய்க்காலில் கொப்பளிக்கும் சத்தம், தவளைகளின் இடைவிடாத கரகரப்பு எல்லாவற்றையும் அது மெல்ல மெல்லத் தனக்குள் இழுத்துக்கொண்டு, இலஞ்சியின் வாசலுக்கு வந்தபோது வேறு எதுவும் கேட்கவிடாமல் செய்துவிட்டது. படிகள் இருந்தன. பாசி படிந்த சிமென்ட் படிகள். அவள் அதுவரை அந்தப் பக்கம் வந்ததில்லை.

கீழே ஆறுதான் இருந்தது. பாறைகளுக்கு நடுவே ஆற்றுவஞ்சிப் புதர்கள் வெள்ளத்தின் போக்கில் தலை சாய்த்துக் கிடந்தன. கட்டடம் இல்லை, கூரை இல்லை, கட்டில் போட ஒரு சாண் இடமில்லை. ஆனால் படிகள் கரையில் முடியவில்லை. கலங்கல் தண்ணீருக்குள் அவை ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போவது, கண்ணுக்கு எட்டிய ஆழம் வரை தெரிந்தது.

தண்ணீருக்குப் பயப்படுகிற பெண் இதில் எப்படி இறங்கினாள்? திரும்பி வரும்போது பத்மஜா ஏறக்குறைய ஓடினாள்.

தாணுமாலையன் டீயை ஊதிக்கொண்டிருந்தார். நாகர்கோவில்காரர்; திருவனந்தபுரத்தில் பாதி ஆயுள் கழித்ததில் தமிழ் எது மலையாளம் எது என்று அவருக்கே மறந்துவிட்டது.

"ஆத்துவஞ்சியோ? அது சாவித்ரி சேர்த்ததாயிருக்கும். உனக்கு முன்னால இந்த சீட்ல இருந்த குட்டி. முதலாளிக்கு ஆத்தை ஒட்டி எட்டாவதா ஒரு காட்டேஜ் கட்டணும்னு ஆசை. பேரும் வச்சாச்சு, லிஸ்ட்லயும் ஏத்தச் சொல்லியாச்சு. படி மட்டும் கட்டினோம் கேட்டோ, அதுக்குள்ள ஒரு மலைவெள்ளம். தோண்டின அஸ்திவாரமும் போயி. பின்ன அந்த விஷயத்தையே விட்டாச்சு."

"கட்டவே இல்லியா சார்?"

"இல்லன்னே. ஒரு கல்லுகூட வைக்கல்ல."

"சாவித்ரி இப்போ எங்க இருக்கா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "அவ போயாச்சு. ஒருநாள் மத்தியானம், தாழ ஒண்ணு பாத்துட்டு வரேன் சார்னு சொல்லி இறங்கினா. பின்ன வந்தில்ல. ஆத்திலயும் தேடினாங்க, ஊர்லயும் தேடினாங்க. பாவம் குட்டி." கதவுப் பக்கம் மோவாயால் காட்டினார். "குடையக்கூட எடுக்கல்ல பாரு. அது அவள்டதாக்கும்."

பத்மஜாவின் கையில் அந்தக் குடை சொட்டிக்கொண்டிருந்தது. அதை மெதுவாகக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

பிறகுதான் அவள் லிஸ்ட் பெட்டியைத் திறந்தாள். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. இந்த லிஸ்ட்கள் ஷீட்டோடு போகிறவை அல்ல, கணினியோடு தங்கிவிடுகிறவை; பழைய ஆள் போட்டது புதிய ஆளுக்கும் வரும், இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய ஏழு பெயர் கொண்ட லிஸ்ட் கீழே, அவள் சேர்த்த இடத்திலேயே இருந்தது. சாவித்ரியின் எட்டுப் பெயர் லிஸ்ட்டும் மேலே இருந்தது. வெகு மேலே. ஞாயிறு, திங்களுக்கும் ஜனவரி, பிப்ரவரிக்கும் நடுவே.

அந்த இடத்தில் மனிதர்கள் போட்ட லிஸ்ட் எதுவும் போய் உட்காராது. கிழமைகளும் மாதங்களும் கணினியோடு பிறந்தவை. அவற்றைத் திருத்தவோ அழிக்கவோ விடாது. பத்மஜா அந்த எட்டுப் பெயர் லிஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். டெலீட் பொத்தான் சாம்பல் நிறத்துக்கு மங்கியது. அழுத்தினாள். அழுந்தவில்லை. எத்தனை தடவை கிளிக் செய்தும், செவ்வாய்க்குப் பின் புதன் வருவது எப்படியோ அப்படி, இலஞ்சிக்குப் பின் ஆற்றுவஞ்சி அங்கேயே இருந்தது.

மறுநாளிலிருந்து இழுக்கிற வேலையே வேண்டாமென்று ஏழு பெயர்களையும் கையால் அடித்தாள். தாளில் ஏழு வரிதான் இருந்தது. மாடம்மாள் சாயங்காலம் லாபம் என்று ஆரம்பித்து எண்ணி முடித்தபோது ஒரு ஜோடி கூட வந்தது.

"ஏட்டி, மறுபடி போனியா?" மாடம்மாள் ஜெபமலரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஜெபமலர் சிரித்தாள். முன்பு சிரிக்கிற சிரிப்புத்தான், ஆனால் கண் வேறெங்கோ இருந்தது.

"ஒருக்க பேரு போட்டாச்சுன்னா பிறகு என் முறைதானக்கா. போகாம இருந்தா அந்த அக்கா துணியப் பிடிச்சிக்கிட்டே நிப்பாவ."

மாடம்மாள் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் பத்மஜா ஜெபமலரைக் கண்ணை விட்டு அகலவிடவில்லை. குளிக்கப் போனால் வாசலில் நின்றாள். மத்தியானம் அலுவலகத்திலேயே பக்கத்தில் உட்காரவைத்து, ரசீதுகளை அடுக்கு என்று இல்லாத வேலையைக் கொடுத்தாள். ஒரு போன் வந்து பேசித் திரும்புவதற்குள் நாற்காலி காலியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் அவளே வருவாள், மார்போடு அணைத்த ஈர விரிப்புகளோடு, தலைமுடியில் மணலோடு. அவள் விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவைபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. எத்தனை துடைத்தும் சரியாகவில்லை. ஜெபப் பாட்டு நின்றுபோயிற்று. விளக்கணைத்தபின் பக்கத்துக் கட்டிலிலிருந்து வருவது மூச்சுச் சத்தமா, கல்லில் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தமா என்று பத்மஜா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பயமாக இருந்தது. பயத்தைவிட, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தது அதிகமாக உறுத்தியது.

"நீ நாளைக்குக் காலம்பர ஊருக்குப் போற" என்றாள் ஒரு சாயங்காலம். "நானே கூட்டிண்டு போய் உன் அம்மா கையில ஒப்படைக்கறேன். இந்த வேலை வாண்டாம்."

ஜெபமலர் கட்டிலில் உட்கார்ந்து தன் வெளுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த அக்காவும் ஊருக்குத்தான் போவணும்னு சொல்லுதாவ மேடம். அவிய முறை முடிஞ்சு நாளாச்சாம். மாத்த ஆள் வரலியாம்."

"நீ அவளோட பேசாதே."

"நல்ல அக்கா. உங்களக் கேட்டாவ." ஜெபமலர் நிமிர்ந்தாள். "ஷீட்டு போடுத மேடம் நல்லாருக்காங்களான்னு."

பத்மஜா அன்று விளக்கை அணைக்காமலே படுத்தாள்.

காலையில் பஸ் இல்லை. இரவெல்லாம் கொட்டிய மழையில் வித்துரா சாலையில் மரம் விழுந்திருந்தது. பொன்முடிக்கு வண்டிகளை விடவில்லை. தங்கியிருந்த இரண்டு குடும்பங்களும் முந்தின நாளே அறைகளைக் காலி செய்துவிட்டிருந்தன. மாடம்மாளும் பகவதியம்மாளும் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு பாதி வழியாவது போகலாமென்று கிளம்பிவிட்டார்கள். ஜெபமலரையும் ஏற்றப் பார்த்தாள் பத்மஜா. மாடம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். "அவ எங்கூட வேண்டாம்மா. கோவிச்சுக்கிடாதீங்க" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் தாணுமாலையனும் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க நடந்தே போனார். "மரத்தை வெட்டி மாத்தினதும் ஒரு வண்டி கொண்டு வரேன். ரெண்டு பேரும் அதில போய்க்கோ. பயப்படாண்டாம்" என்றார்.

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கி மரங்களை உச்சியிலிருந்து கீழாக அழித்துக்கொண்டே வந்து கூரைகளுக்கு மேல் நின்றது. ஏழு காட்டேஜ்களின் வாசல் விளக்குகளும் வழக்கம்போலத் தாமாக எரிந்தன. அலுவலகத்தில் ஈரச் சுண்ணாம்பு வாடையும் அணைந்த கொசுவர்த்திச் சாம்பல் வாடையும், அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. பாசி. பத்மஜா எழுந்து பின்னறைக்குப் போனாள்.

"ஜெபா, பையெல்லாம் எடுத்து வச்சுட்டியா?"

பை கட்டிலில் இருந்தது. ஜிப் போட்டுத் தயாராக. ஜெபமலர் இல்லை. கட்டிலிலிருந்து பின்வாசல் வரை தரையில் ஈரக் கால் தடம். போகிற தடம் மட்டும்.

"ஜெபா!"

பின்வாசலில் நின்று கத்தினாள். ஆறு அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டது. சரிவில் இறங்கிப் போகத்தான் நினைத்தாள், முதல் படி வரை போகவும் போனாள். கால் வரவில்லை. கரமனையில், கைப்பிடிச் சுவருக்கு உள்ளே ஓடுகிற ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள் அவள். இது அந்த ஆறு இல்லை. அழுகை வந்தது. தாணுமாலையனுக்குப் போன் போட்டாள். சிக்னல் இல்லை.

அலுவலகத்துக்கு ஓடிவந்தாள். கணினி எரிந்துகொண்டிருந்தது. லிஸ்ட் பெட்டி திறந்திருந்தது. அவள் திறந்து வைத்ததாக ஞாபகம் இல்லை. எட்டுப் பெயர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டு நீலமாக நின்றன.

டெலீட் பொத்தான் மங்கலாக இல்லை.

பத்மஜாவுக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பட்டியலில்தான் அந்த அறை இருக்கிறது, வேறெங்கும் இல்லை. பட்டியலே போய்விட்டால் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் ஜெபமலர் எங்கே போவாள், திரும்பித்தானே வரவேண்டும். அவள் அழுத்தினாள்.

இந்த லிஸ்ட் நிரந்தரமாக அழிக்கப்படும் என்று ஒரு சின்னப் பெட்டி எச்சரித்தது.

ஓகே.

எட்டுப் பெயர்களும் மறைந்தன. ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. அவள் மூச்சை விட்டாள்.

வெளியே தேக்கின் விளக்கு அணைந்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள். திரை எரிந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது.

ஈட்டி அணைந்தது.

மருது. வேங்கை.

வரிசை பிசகாமல். மேலிருந்து கீழாக. யாரோ ஒவ்வொரு வாசலாக நின்று நின்று இறங்குவது போல.

புன்னை.

"வேண்டாம்" என்றாள் பத்மஜா, யாரிடம் என்று தெரியாமல்.

அயினி. இலஞ்சி.

சரிவு முழுக்க இருட்டு. கூரைகூடத் தெரியவில்லை. அங்கே வீடுகள் இருந்த இடமா என்றே தெரியவில்லை. அவள் பார்வை திரைக்குத் திரும்பியது. அன்றைய ஷீட். ஏழு வரிகள் வெறுமையாகக் கிடந்தன. எட்டாவது அப்படியே இருந்தது.

ஆற்றுவஞ்சி. ஜெபமலர். அதற்கு அடுத்த கட்டம் காலியாக இல்லை.

பத்மஜா.

தன் பெயரை அவள் எந்த லிஸ்ட்டிலும் போட்டதில்லை.

கதவுப் பக்கம் ஏதோ சொட்டியது. திரும்பினாள். ஆணி காலி. குடை இல்லை. அது தொங்கிய இடத்துக்குக் கீழே சின்னக் குட்டையாகத் தண்ணீர். அதிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து வெளியேயும் ஈரத் தடம்.

சாலைப் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். கேட்டை நோக்கி மேட்டில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். கறுப்புக் குடை. உடம்போடு ஒட்டிய ஈரச் சுடிதார். முதுகில் சரிந்து கிடந்த ஐடி கார்டு. அவசரமில்லாத நடை. வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிறவள் நடை. கேட்டைத் திறந்தாள். மூடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கூப்பிட நினைத்தாள்.

பின்னால் வெளிச்சம் வந்தது.

ஆற்றுப் பக்கத்து ஜன்னலில். மஞ்சள் வெளிச்சம். இலஞ்சிக்கும் கீழே. படிகளுக்கும் கீழே. ஆறு ஓடுகிற இடத்தில்.

பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பத்மஜா போனாள். கண்ணாடியில் நெற்றி இடித்தது.

வெள்ளத்தின் நடுவே ஓர் அறை எரிந்துகொண்டிருந்தது. சுவர் இருந்ததா என்று தெரியவில்லை. கட்டில் இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜெபமலர் நின்றாள், இடுப்பளவு தண்ணீரில். வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். இந்தப் பக்கத்து முனைகள் இரண்டும் பிடிப்பாரில்லாமல் தண்ணீரில் கிடந்தன. வெள்ளம் அவற்றை இழுத்தது, அவளையும் சேர்த்து இழுத்தது. அவள் விடவில்லை. அலுவலக ஜன்னலையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, அந்த விரிப்பை இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.